பை பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் முழு டிக்கெட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேளிக்கைப் பூங்காக்களின் கட்டண உயர்வு பற்றி உங்கள் வாசகர் பகுதியில் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கடைசியாக எழுதிய வாசகர் ஒருவர், கையில் காசு இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருங்கள், இது என்ன அரிசி பருப்பா என்று கேட்டு முடித்திருந்தார். அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். வேன் முதலாளியுடையது, முதுகுவலி என்னுடையது. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எங்களுக்கு ஓய்வே கிடையாது. பண்டார் சன்வே, கெந்திங் மலை, ஈப்போ தம்பூன், சில சமயம் ஜொகூர் லெகோலேண்ட் வரைக்கும் குடும்பங்களையும் கோயில் இளைஞர் குழுக்களையும் ஏற்றிக்கொண்டு போவேன். பூங்காவுக்கு உள்ளே நான் போவது அபூர்வம். காலையில் வாசலில் இறக்கிவிட்டு, மாலை வரை கார் நிறுத்துமிடத்தில் நிழல் தேடி வண்டியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பேன். ஆகவே எந்தச் சறுக்கு எவ்வளவு உயரம் என்று என்னைக் கேட்காதீர்கள். போகும்போது வண்டியில் என்ன பேச்சு, திரும்பும்போது என்ன பேச்சு என்று கேளுங்கள், சொல்கிறேன்.

முன்பெல்லாம் போகும்போது பேச்சு, எதில் முதலில் ஏறுவது என்பதாக இருக்கும். இப்போது பாதி வழி வரைக்கும் டிக்கெட் பேச்சுதான். ஒருவர் கைப்பேசியைப் பார்த்து ஒரு விலை சொல்வார். பின்னால் இருக்கும் மச்சான், அது வார நாள் விலை, இன்றைக்குப் பொருந்தாது என்பார். மூன்றாவது ஆள், என் ஆபீஸ் நண்பன் வேறொரு ஆப்பில் இதைவிடக் குறைவாக வாங்கினானே என்று இழுப்பார். அந்த நொடியில் ஏற்கெனவே வாங்கிய ஆளின் முகம் சுருங்குவதைக் கண்ணாடியில் பார்ப்பேன். இன்னும் டோல் கூடத் தாண்டியிருக்க மாட்டோம், அதற்குள் ஏமாந்துவிட்டோமோ என்ற நினைப்பு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிடும்.

பூங்கா நடத்துகிறவர்களை வைவதற்காக நான் எழுதவில்லை. அவர்களுக்கும் செலவு ஏறித்தான் இருக்கிறது. 2019இல் மாதம் 1,100 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500, 2025இல் 1,700 என்று உயர்ந்தது. அது உயர வேண்டியதுதான், நம் பிள்ளைகளும் அங்கே வேலை செய்கிறார்கள். நீர்ப் பூங்கா என்றால் உயிர்காப்பாளர்களை நிறுத்த வேண்டும், தண்ணீரைச் சுத்திகரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய இராட்டினங்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, வெள்ளி இறங்கினால் அந்தச் செலவு ஏறும். மழை பெய்து நூறு பேர் வந்தாலும், வெயிலடித்து ஐயாயிரம் பேர் வந்தாலும் மோட்டார் ஓடித்தான் ஆக வேண்டும்.

இந்தத் தொழிலில் போட்ட பணம் அப்படியே போனதையும் பார்த்திருக்கிறோம். ஈப்போவில் 50 கோடி வெள்ளிக்கு மேல் செலவழித்துக் கட்டிய மேப்ஸ் பூங்கா 2017இல் திறந்தது, 2020 ஜனவரியில் மூடியது. மூன்று வருடம் கூட முழுதாக ஓடவில்லை. கெந்திங்கில் பழைய வெளிப்புறப் பூங்காவை 2013இல் மூடினார்கள். அந்த இடத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் வரவிருந்த பூங்கா 2018இல் வழக்கு வரைக்கும் போய், 2019இல் சமரசமாகி, கடைசியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் 2022 பிப்ரவரியில்தான் திறந்தது. எட்டு வருடத்துக்கு மேல் போட்ட பணம் சும்மா கிடந்தால் யாருக்கும் கை கடிக்கும். அதனால் விலை ஏறக்கூடாது என்று வாதாட வரவில்லை.

என் தொழிலிலேயே பாருங்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே இரவில் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவியது. எங்கள் முதலாளி வாடகையை ஏற்றினார். வழக்கமாக வரும் குடும்பங்களுக்கு நானே போன் செய்து சொன்னேன். இரண்டு மூன்று பேர் முனகினார்கள், ஒருவர் திட்டினார். ஆனால் எல்லாருக்கும் ஒரே வாடகை. செவ்வாய்க்கிழமைக்கு ஒன்று, சனிக்கிழமைக்கு ஒன்று, தீபாவளி லீவுக்கு ஒன்று என்று கிடையாது. குளிர்சாதனம் போட வேண்டுமானால் தனிக் காசு, பின் கதவைத் திறந்து பை வைக்கத் தனிக் காசு என்று நான் கேட்டால் மறுபடி என் வண்டியில் யாராவது ஏறுவார்களா?

பூங்காவில் நடப்பது இதுதான். போன பள்ளி விடுமுறையில் நான் ஏற்றிச் சென்ற ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் அம்மா. பூங்காவின் பெயர் வேண்டாம், ஒரு பூங்காவின் மீது பழி போடுவது என் நோக்கமில்லை. விளம்பரத்தில் போட்டிருந்த விலையை நம்பி மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். டிக்கெட் வாங்கப் போனபோது அந்தத் தேதி உச்சப் பருவமாம், விலை வேறு. சரி, பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது என்று வாங்கினார்கள். உள்ளே போனதும் லாக்கருக்குக் காசு. மிதவை வளையத்துக்குக் காசு. வரிசையில் நிற்காமல் போக வேண்டுமா, அதற்கு இன்னொரு டிக்கெட். வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை என்று வாசலிலேயே பையைத் திறந்து பார்த்து, அந்த அம்மா விடியற்காலை எழுந்து கட்டிய புளிசாதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது என் வண்டிக்கு வந்து சேர்ந்தது. மதியம் பிள்ளைகளின் அப்பா போன் செய்தார். "அண்ணே, அந்தச் சோற்றை நீங்களாவது சாப்பிடுங்க, வீணாப் போயிடும்." உள்ளே அவர்கள் கோழிச் சோறு வாங்கினார்களாம், ஒரு தட்டு 28 வெள்ளி. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், அதே சோறு 9 வெள்ளி.

மாலையில் திரும்பி வரும்போது அந்த மனிதர் முன் இருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியில் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். டிக்கெட், வேனில் அவர்கள் பங்கு, சாப்பாடு, லாக்கர், வளையம் எல்லாம் சேர்ந்து 600 வெள்ளியை ஒட்டிவிட்டது. அவருக்கு மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குச் சற்று மேல். "டிக்கெட் விலையை முன்னாடியே முழுசாச் சொல்லியிருந்தா, ஒரு மாசம் தள்ளிப் போட்டிருப்பேன், இல்லன்னா போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போயிருப்பேன்" என்றார். அவருக்கு விலை மீது அவ்வளவு கோபம் இல்லை. தவணை தவணையாகக் காசைக் கழற்றியதில்தான் கோபம்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் கதை இல்லை என்பதை என் தம்பி மகன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவன் கலிபோர்னியாவில் படிக்கிறான். அங்கே டிஸ்னிலேண்ட் 1955 ஜூலையில் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவு 1 டாலர், ஏறும் இராட்டினங்களுக்குத் தனித்தனிக் காசு. அதே ஆண்டில் கூப்பன் புத்தகம் வந்தது. 1982இல் கூப்பனை எடுத்துவிட்டு, ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று வைத்தார்கள். 2016இல் கூட்டம் உள்ள நாளுக்கு ஒரு விலை, இல்லாத நாளுக்கு ஒரு விலை என்று பிரித்தார்கள். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. மிகக் குறைந்த நாளின் விலையை 2019இலிருந்து 104 டாலரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உச்ச நாளின் விலை மட்டும் ஏறி ஏறி 200 டாலரைத் தாண்டிவிட்டது. 'டிக்கெட் 104 டாலரிலிருந்து' என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் பிள்ளைக்குப் பள்ளி இருக்கும் நாளில்தான் அந்த விலை என்றால், பிள்ளை வைத்திருக்கிறவனுக்கு அதனால் என்ன லாபம்?

வரிசையைக் குறைக்க 1999இல் இலவசமாகக் கொடுத்த வசதியையும் 2021இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அதே வேலைக்குக் காசு. அந்த ஊரில் அடிக்கடி போகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. அட்டை செல்லாத தடை நாள் எதுவும் இல்லை என்று சொல்லி விற்ற 1,399 டாலர் ஆண்டு அட்டையை வாங்கியவர், முன்பதிவு செய்யப் போனால் அட்டைக்காரர்களுக்கு இடமில்லை, அதே நாளுக்குச் சாதாரண டிக்கெட் மட்டும் விற்பனையில் இருக்கிறது என்று வழக்குப் போட்டார். கடைசியில் 95 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். பணம் பல்லாயிரம் பேருக்குப் பிரிந்ததால் ஆளுக்குக் கிடைத்தது சொற்பம்தான். இருந்தாலும் ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளனிடம் கொடுத்த வாக்குக்கு விலை உண்டு என்று ஆயிற்று.

நம் ஆட்கள் வழக்குப் போட மாட்டார்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது, 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. நான் வண்டியில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பது ஐம்பது வெள்ளிக்காக ஒரு நாள் லீவு போட்டு யார் அங்கே போய் உட்காருவது என்பார்கள். அதுவும் நியாயம்தான், லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே நம் ஆட்களின் எதிர்ப்பு வேறு மாதிரி. சத்தம் போடாமல் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள்.

எங்கள் தாமானில் ஓர் அக்கா இருக்கிறார், வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அவர் வைத்திருப்பது ஆண்டு அட்டை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சோறு போட்டு, மூன்று மணிக்குமேல் கிளம்புவார். வீட்டிலேயே நீச்சல் உடையைப் போட்டு, மேலே சட்டையை மாட்டிக் கூட்டிப் போவார், லாக்கர் தேவையில்லை. இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஆடவிட்டு, ஒரு ஐஸ்கிரீம் கூட வாங்காமல் திரும்பிவிடுவார். "ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் பார்த்தா தியேட்டரைவிட மலிவு, அண்ணே" என்பார். பூங்காக்காரர்கள் இவரைப் போன்றவர்களைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் ஆண்டு அட்டை அவர்களுக்கு நல்ல வியாபாரம். பணம் முன்கூட்டியே கைக்கு வருகிறது, கூட்டமில்லாத நாளிலும் ஆள் நடமாட்டம் இருக்கிறது. ஆனால் அட்டைக்காரர் நிறைய வந்து குறைவாகச் செலவு செய்தால், மெதுவாகத் தடை நாள்கள் முளைக்கும். பள்ளி விடுமுறையில் அட்டை செல்லாது என்பார்கள். ஆசிரியைக்கும் மாணவனுக்கும் விடுமுறை அல்லாமல் வேறு எந்த நாள் கிடைக்கும்?

இன்னொரு கூட்டம், பயண முகவர் சங்கமான மாட்டா நடத்தும் பயணக் கண்காட்சிக்குக் காத்திருக்கும். அங்கே மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டை மொத்தமாக வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாமா இதில் பெரிய நிபுணர். எந்த வங்கியின் அட்டைக்கு எந்த மாதத்தில் விலைக் கழிவு, பிறந்த நாள் மாதத்தில் என்ன சலுகை, எல்லாம் அவர் விரல் நுனியில். அவர் பேத்திகள் ஒரு நாளும் முழு விலை கொடுத்ததில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிப் போக இவ்வளவு படிப்பா?

அப்படியானால் வாசலில் எழுதிப் போட்டிருக்கும் முழு விலையை யார்தான் கொடுக்கிறார்கள்? நான் பார்த்திருக்கிறேன். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் குடும்பம். தீபாவளிக்குச் சேர்த்து வைத்த நோட்டுகளை உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். கவுண்டரில் போய் நின்றார். இணையத்தில் வாங்கியிருந்தால் குறைவாக இருந்திருக்கும் என்று அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அன்றைய தேதிக்கு அந்தச் சலுகை முடிந்துவிட்டது. பெரியவர் உறையைத் திறந்து எண்ணி எண்ணிக் கொடுத்தார். விவரம் தெரிந்தவனுக்குக் கழிவு, விவரம் தெரியாதவனுக்கு முழு விலை. அவர் காசைக் கொண்டுதான் மற்றவர்களுடைய கழிவெல்லாம் நடக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

போகவே போகாமல் நின்றுவிட்டவர்களும் உண்டு. இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய கேஎல்சிசி பூங்காவில் சிறுவர்கள் இறங்கி விளையாட இலவசக் குளம் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கு அது போதும். பத்து வயதுப் பையனுக்குப் போதாது. அதனால் உலு லங்காட் பக்கம் கபாய் அருவிக்கும் சொங்காக் ஆற்றுக்கும் வண்டி கேட்கிறார்கள். போவேன். அழகான இடங்கள், தண்ணீர் பனி மாதிரி இருக்கும். ஆனால் மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் இறங்கி வரும். கெப்பாலா ஆயர் என்று ஊர்க்காரர்கள் எச்சரிப்பார்கள். அங்கே ஒவ்வொரு வளைவிலும் விசில் வைத்துக்கொண்டு ஒரு தம்பி நிற்க மாட்டான். பிள்ளைகள் பாறையில் ஏறி நிற்கும்போது நான் சாப்பிடாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்குப் பூங்கா முதலாளி பொறுப்பு என்று சொல்லவில்லை. பாதுகாப்பான தண்ணீர் எட்டாத விலைக்குப் போனால் பிள்ளைகள் வேறு தண்ணீரைத் தேடிப் போகும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அரசாங்கமும் ஒன்று செய்திருக்கிறது. மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு 2026ஐ ஒட்டி, உள்நாட்டுச் சுற்றுலா இடங்களின் நுழைவுக் கட்டணத்துக்கு 1,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் அது. என் வண்டியில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வருமான வரிக் கணக்கில் பூஜ்யம் போடுகிறவர்கள். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது?

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முன்பு சொன்ன குடும்பத்தின் பாட்டியை நினைவிருக்கிறதா? அவர் அன்று ஒரு சறுக்கில் கூட ஏறவில்லை. முட்டிவலி. காலை பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து பேரின் பை, செருப்பு, துண்டு, கைப்பேசி எல்லாவற்றையும் காவல் காத்தார். அதற்கு ஒரு டிக்கெட். முதியவர் கழிவு இருந்தது, மைகார்டு அடையாள அட்டையைக் காட்டினால் குறையும். ஆனால் அவருக்கு ஐம்பத்தெட்டு வயதுதான், அறுபது ஆகவில்லை. ஆகவே முழு விலை. அலைக்குளத்தில் நாள் முழுக்கக் குதித்த பதினெட்டு வயதுப் பையனும் அவரும் ஒரே விலை.

பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். நம் குடும்பங்களில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. அம்மா வராமல் மகன் போக மாட்டான். பேரப்பிள்ளை தண்ணீரில் விழுந்து எழுந்து சிரிப்பதைப் பார்ப்பதுதான் அந்த அம்மாவுக்குப் பூங்கா. என் அப்பா புக்கிட் பிந்தாங்கில் இருந்த பிபி பார்க் என்ற பழைய கேளிக்கைப் பூங்கா பற்றிச் சொல்லுவார். இன்றைக்கு சுங்கை வாங் பிளாசா நிற்கிறதே, அந்த இடம். வாசலில் சில காசுதான், உள்ளே எதில் ஏறுகிறோமோ அதற்குத் தனிக் காசு. என் பாட்டி உள்ளே போய்க் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வெளிச்சத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வருவாராம். அந்த முறையையே திரும்பக் கொண்டு வாருங்கள் என்று கேட்பது சரிவராது, ஒவ்வோர் இராட்டினத்துக்கும் ஒரு டிக்கெட் கிழிக்க ஆள் வைக்க முடியாது. ஆனால் எதிலும் ஏறாதவருக்கு வேறு நிறத்தில் ஒரு கைப்பட்டை கட்டி, குறைந்த விலையில் உள்ளே விடுவதில் என்ன கஷ்டம்? கைப்பட்டையைப் பார்க்காமல் எந்தச் சறுக்கிலும் ஏற்றப்போவதில்லை. அந்த ஒரு விலை இருந்தால், பாட்டி வருகிறார், பாட்டியால் மகன் குடும்பம் வருகிறது, மகன் குடும்பத்தோடு மச்சான் குடும்பமும் வருகிறது. என் வேனில் பதினான்கு இருக்கை. அதை நிரப்புவது பெரும்பாலும் யாரோ ஒரு பாட்டிதான்.

மற்றதற்கும் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி நாட்காட்டி வந்தவுடன், எந்தத் தேதிக்கு என்ன விலை என்று முழு ஆண்டுக்கும் வெளியிட்டு விடுங்கள். உச்சப் பருவம் என்றால் எந்த நாள்கள் என்று எழுதுங்கள். லாக்கருக்கும் வளையத்துக்கும் கார் நிறுத்தவும் என்ன ஆகும் என்பதை அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அதன் பிறகு நீங்கள் ஐந்து வெள்ளி ஏற்றினால் என் ஆட்கள் முனகிக்கொண்டே கட்டிவிடுவார்கள், மாதா மாதம் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். நம் மக்கள் கூட்டுப் பிடித்துச் சீட்டுக் கட்டியே நகை வாங்கியவர்கள், ஒரு பூங்கா டிக்கெட்டுக்குச் சேர்க்கத் தெரியாதா? எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் யாராவது சொல்ல வேண்டும். சாப்பாட்டு விஷயத்தில், வாசலுக்கு வெளியே நாலு மேசை, ஒரு கூரை, ஒரு குப்பைத் தொட்டி போட்டு, மதியம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போக விட்டால் போதும். இப்போது குடும்பங்கள் என் வேனின் பின் கதவைத் திறந்து வைத்து அதன் நிழலில் நின்றுகொண்டு சாப்பிடுகின்றன. பாதுகாவலர் வந்து விரட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாக.

உள்நாட்டு வாணிப அமைச்சு அரிசி, கோழி, முட்டை விலையைப் பார்ப்பதிலேயே நேரம் போதாமல் இருக்கும், தெரியும். பூங்கா டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லவில்லை. விளம்பரத்தில் போட்ட விலைக்கு எந்தெந்த நாளில் டிக்கெட் கிடைக்கும் என்று கேட்டாலே போதும். அந்தக் கேள்விக்குச் சிலரிடம் பதில் இருக்காது.

காசு இல்லாவிட்டால் வீட்டில் இருங்கள் என்று எழுதிய வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, அவர்கள் இருக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்டுதோறும் இரண்டு வேன் எடுத்துப் பூங்காவுக்குப் போகும் ஒரு கோயில் இளைஞர் குழு, இந்த முறை ஒரு வேனோடு போர்ட்டிக்சன் போகிறது. கடலுக்கு டிக்கெட் இல்லை, அடுப்பு, சட்டி எல்லாம் எடுத்துப் போய் அங்கேயே சமைக்கப் போகிறார்களாம். எங்கே போனாலும் எனக்கு வாடகை வாடகைதான். ஆண்டிறுதி விடுமுறைக்கு என்னிடம் இன்னும் சில தேதிகள் காலியாக இருக்கின்றன. போன வருடம் இந்த நேரத்துக்கு ஒரு நாள் கூட மிச்சம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு சுற்றுலா வேன் ஓட்டுநர்,
செந்தூல், கோலாலம்பூர்.